விசுவரூபம் கண்ட அர்ஜுனன் ஏன் ஞானியாகவில்லை?

ஓடக்கரை எழுதியது:

கீதையின் பதினோராம் அத்தியாயத்தைப் படித்து முடித்த யாருக்கும் ஒரு சந்தேகம் வரவேண்டும். பெரும்பாலோருக்கு வருவதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

உன் கண்ணால் என்னைப் பார்க்க முடியாது, இந்தா திவ்விய சக்ஷுஸ், தெய்வக் கண், என்று கண்ணன் தானே மனமுவந்து கொடுக்கிறான். அர்ஜுனன் பார்க்கிறான். வானத்தில் ஆயிரம் சூரியர்கள் ஒருசேர உதித்தாற்போன்ற ஒளி. வாய்க்குள் விரைந்து போய் விழும் வீரர்கள். சிலர் தலை நசுங்கிப் பல்லிடுக்கில் சிக்கிக் கிடக்கிறார்கள். இவ்வளவும் கண்டபின் அவனுக்கு என்ன ஆகிறது? திசை தெரியவில்லை, மனம் நிலைகொள்ளவில்லை என்று நடுங்குகிறான். கிரீடமும் கதையும் சக்கரமுமாகப் பழையபடி வந்துவிடு என்று கெஞ்சுகிறான். பன்னிரண்டாம் அத்தியாயம் தொடங்கியவுடனே, உன்னை உருவமாக வழிபடுகிறவர்கள் மேலா, புலனுக்கு எட்டாத, அழிவற்ற அவ்வியக்தத்தை உபாசிக்கிறவர்கள் மேலா என்று ஒரு கேள்வி. உலகம் அனைத்தையும் ஓருடம்பில் கண்டுவிட்டு வந்தவன் கேட்கிற கேள்வியா இது?

பதின்மூன்றாம் நாள் அபிமன்யு மடிகிறான். அர்ஜுனன் கலங்கிப் புலம்புகிறான். மறுநாள் சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்லாவிட்டால் தீயில் இறங்குவேன் என்று சபதம் செய்கிறான். ஆத்மா கொல்வதுமில்லை, கொல்லப்படுவதுமில்லை என்பதைச் சில நாள்களுக்கு முன் நேருக்கு நேர் கேட்ட ஆள் அவன்.

பிள்ளையை இழந்த தகப்பன் அழக்கூடாது என்று சொல்ல நான் யார்? நான் கேட்பது இதுதான்: இறைக்காட்சியும் ஞானமும் ஒன்றா, இரண்டா? இரண்டு என்றால் முதலாவது எதற்கு?

நாணல் எழுதியது:

பதினெட்டாம் அத்தியாயத்தை விட்டுவிட்டீர்களே, ஐயா. ‘நஷ்டோ மோஹ: ஸ்ம்ருதிர் லப்தா’ என்று அர்ஜுனனே சொல்கிறான். மயக்கம் தொலைந்தது, நினைவு மீண்டது, சந்தேகம் தீர்ந்தது, நீ சொன்னபடி செய்கிறேன். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

ஓடக்கரை எழுதியது:

நாணல், அந்த வாக்குமூலம் எவ்வளவு நாள் தாங்கியது என்று பார்க்க மகாபாரதத்தின் அசுவமேத பர்வத்துக்கு வாருங்கள். போர் முடிந்துவிட்டது. இந்திரப்பிரஸ்தத்தில் இருவரும் ஓய்வாக இருக்கிறார்கள். கண்ணன் துவாரகைக்குப் புறப்பட வேண்டும். அப்போது அர்ஜுனன் சொல்வதன் சாரம் இது: “போர் மூண்ட வேளையில் உன் மகிமையை அறிந்தேன், உன் ஈசுவர ரூபத்தையும் அறிந்தேன். ஆனால் நட்பினால் நீ அன்று சொன்னதெல்லாம் என் புத்தியைவிட்டுப் போய்விட்டது. மறுபடி கேட்க ஆசையாக இருக்கிறது.”

கண்ணன் கடிந்துகொள்கிறான். அன்று யோகத்தில் நின்று சொன்னேன், அதை முழுவதும் திரும்பச் சொல்ல என்னாலும் ஆகாது என்கிறான். பிறகு ஒரு பழைய கதையின் வழியாக வேறு உபதேசம் செய்கிறான். அதுதான் அனுகீதை.

இதில் என்னைத் தைத்தது ஒன்றே. கண்ட காட்சி அவனுக்கு நினைவிருக்கிறது. கேட்ட சொல்தான் மறந்துபோயிற்று. ஈசுவர ரூபம் ஒருபுறம் பத்திரமாக இருக்க, ஞானம் மட்டும் காணாமற்போன ஒரு மனத்தை வியாசர் நம் கண்முன் நிறுத்திவிட்டார்.

பழஞ்சுவடி எழுதியது:

நல்ல கேள்வி. உயிரும் பிரமமும் இரண்டல்ல என்னும் அத்வைதத்தின் பக்கமிருந்து பதில் நேரானது. காட்சி எதுவானாலும் அதில் காண்பவன், காணப்படுவது என்று இரண்டு இருக்கும். கல்லைக் கண்டாலும் கடவுளைக் கண்டாலும் ஏற்பாடு அதே ஏற்பாடுதான். காணப்படும் பொருள் எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் காண்பவன் தன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் தவறான எண்ணம் அதனால் கரைவதில்லை. அர்ஜுனனும் விசுவரூபத்துக்கு வெளியே, தேர்த்தட்டில், கைகூப்பி நின்றுகொண்டுதானே பார்த்தான்?

ரமணர் தம் உள்ளது நாற்பது என்ற நூலில் இதை ஒரே அடியில் முடித்துவிடுகிறார்: ‘காணும் தனைவிட்டுத் தான்கடவுளைக் காணல் காணும் மனோமயமாம் காட்சி.’ காண்கிற தன்னை ஆராயாமல் விட்டுவிட்டுக் கடவுளைக் கண்டேன் என்றால் அது மனம் புனைந்த காட்சி.

அவருடைய சொந்த அனுபவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1896 ஜூலை, மதுரை, சித்தப்பா வீட்டு மாடியறை. பதினாறு வயதுப் பையனுக்குத் திடீரென்று சாவு பயம். வைத்தியரைத் தேடி ஓடவில்லை. பிணம்போலக் கைகால்களை விறைப்பாக நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, உதடுகளை இறுக மூடிக்கொள்கிறான். இந்த உடம்பு செத்துவிட்டது, கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். அப்போது நானும் செத்தேனா? இந்த ஒரு கேள்விதான். ஒளி எழவில்லை, தேவதை வரவில்லை, அசரீரி கேட்கவில்லை. எழுந்தபோது பயம் போயிருந்தது. பிறகு திரும்பி வரவும் இல்லை. அதற்குப் பின்தான் அவர் மீனாட்சியம்மன் கோயிலுக்கு நாள்தோறும் போய்க் கண்ணீர் வழிய நின்றார். நாம் நினைக்கிற வரிசைக்கு நேர்மாறு.

கேன உபநிடதத்திலும் இதே செய்திதான். தேவர்கள் முன்னால் ஒரு யக்ஷம், இன்னதென்று தெரியாத ஓர் அதிசய உரு, தோன்றுகிறது. அக்கினியால் அது வைத்த துரும்பை எரிக்க முடியவில்லை, வாயுவால் அசைக்க முடியவில்லை. இந்திரன் நெருங்கினால் அது மறைந்தே போகிறது. அந்த வெற்றிடத்தில் உமை வந்து, அது பிரமம் என்று சொல்கிறாள். காட்சி மறைந்தது, சொல் தெளிவித்தது. அதனால்தான் அத்வைதிகளுக்குள் விவரணப் பள்ளியார், ‘நீயே அது’ என்பது போன்ற மகாவாக்கியத்தைக் கேட்பதே நேரடி ஞானத்தைத் தரும் என்றார்கள். ஆற்றைக் கடந்த பத்துப் பேரில் தன்னை எண்ணாமல் ஒன்பது என்று அழுதவனுக்கு, பத்தாமவன் நீதான் என்ற சொல் போதுமானதாக இருந்ததல்லவா? பாமதிப் பள்ளியார் இதை ஒப்பவில்லை. பக்குவப்பட்ட மனம்தான் கருவி என்பார்கள். அந்தச் சண்டை பெரியது, இங்கே வேண்டாம்.

துளசிமாடம் எழுதியது:

பழஞ்சுவடி ஐயா சொல்வதைக் கேட்டால் திவ்விய தரிசனம் என்பது ஏதோ குழந்தைகளுக்குக் காட்டும் வேடிக்கை என்று ஆகிவிடுகிறது. எங்கள் வைணவ சம்பிரதாயத்தில் அப்படி இல்லை. இடைவிடாத தியானம் முற்றி முற்றி, நேரில் காண்பதைப் போன்ற தெளிவை அடைய வேண்டும் என்று பிரம்மசூத்திரத்துக்கான தம் உரையாகிய ஸ்ரீபாஷ்யத்தில் இராமாநுசர் எழுதுகிறார். அந்தத் தெளிவுக்குப் பெயர்தான் பக்தி. காட்சியின் தன்மை ஞானத்துக்கு எதிரி இல்லை, அதன் முதிர்ச்சி.

கீதையிலேயே, நீங்கள் தொட்ட அதே பதினோராம் அத்தியாயத்தின் முடிவில், வேறொன்றையும் நாடாத பக்தியால் என்னை உள்ளபடி அறியவும் காணவும் என்னுள் புகவும் முடியும் என்கிறான் கண்ணன். அறிதல், காணல், புகுதல். காணலை நடுவில் வைத்தவன் அவன். அதைத் தூக்கிப் போட நமக்கு உரிமை இல்லை.

அர்ஜுனன் மறந்தான் என்று எல்லோரும் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். யசோதை மறக்கவில்லையா? பெரியாழ்வார் பாடுவதைப் பாருங்கள். குழந்தையின் கையையும் காலையும் நீட்டிவிட்டு, கடாரத்து நீரால் மெல்ல நீராட்டி, பசுமஞ்சளைக் கொண்டு நாக்கு வழிக்கிறாள். அதற்காக அவன் வாயைத் திறக்கிறான். ‘வையம் ஏழும் கண்டாள் பிள்ளை வாயுளே.’ பாகவதத்தில் அடுத்த கணமே அவளுக்கு நினைவு அழிந்துவிடுகிறது. பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறாள். அவளைவிடப் பேறு பெற்றவர் யார் என்றுதான் பரீக்ஷித்து கேட்கிறான். மறந்தது குறையென்று எந்த ஆசாரியரும் சொன்னதில்லை.

கல்மேல்நடந்தவன் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் நம்பிக்கையாளன் இல்லை. மூளையின் சில பகுதிகளில் எழும் வலிப்பு சிலருக்குப் பேரொளியையும் தெய்வம் அருகில் நிற்பது போன்ற உணர்வையும் தருவதாக நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படியிருக்க, எந்தக் காட்சி உண்மை, எது பொய் என்று நீங்கள் எதைக் கொண்டு பிரிப்பீர்கள்?

பழஞ்சுவடி எழுதியது:

நண்பரே, உங்கள் கேள்வி என்னைவிடத் துளசிமாடம் அம்மாவைத்தான் அதிகம் தொந்தரவு செய்யும். காட்சி மூளையில் எழுந்தது என்றால் அத்வைதிக்கு அதில் இழப்பு ஒன்றும் இல்லை. நீங்கள் இப்போது பார்க்கும் திரையும் அங்கேதான் எழுகிறது.

துளசிமாடம் எழுதியது:

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பசித்தவனுக்குச் சோறு கனவில் வந்தது என்பதற்காக உலகத்தில் சோறே இல்லை என்று ஆகிவிடாது.

வெண்ணெய்நல்லூரான் எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கேள்வியை எல்லோரும் ஒரே பக்கமாகப் பிடித்திருக்கிறீர்கள்: கண்டவனுக்கு என்ன ஆயிற்று என்று. காட்டியவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

எங்கள் சைவ சித்தாந்தத்தின் மூலநூலான மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் பதினோராம் சூத்திரம்: ‘காணும் கண்ணுக்குக் காட்டும் உளம்போல் காண உள்ளத்தைக் கண்டு காட்டலின் அயரா அன்பின் அரன்கழல் செலுமே.’ கண் தானாக எதையும் காணாது. உயிர் அதனோடு நின்று காட்டவும் வேண்டும், தானும் காணவும் வேண்டும். உயிர் வேறெங்கோ நினைவாக இருந்தால் திறந்த கண்ணுக்கு எதிரே யானை போனாலும் தெரியாது. உயிருக்கும் அதே கதைதான். இறைவன் உடன்நின்று காட்டினால்தான் அதற்குக் காட்சி. இதையே அப்பர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னதாக, ‘காட்டுவித்தால் ஆரொருவர் காணாதாரே, காண்பாரார் கண்ணுதலாய் காட்டாக்காலே’ என்று பாடிவிட்டார்.

ஆகவே பழஞ்சுவடி சொல்லும் காண்பவன், காணப்படுவது என்ற இரண்டு கால் கணக்கு எங்களுக்குப் போதாது. காட்டுபவன் என்று மூன்றாவது ஒன்று உண்டு. அவன் வெளியே எதிரில் நிற்கும் பொருளாக மட்டும் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. அவன் காண்பவனுக்கு உள்ளேயும் நிற்கிறானே!

அப்பர் கயிலையைத் தேடிப் போனார். கால் தேய்ந்து, கையால் தவழ்ந்து, மார்பால் உந்தி, கடைசியில் உருண்டும் போனார். கயிலை கிடைக்கவில்லை. ஒரு பொய்கையில் மூழ்கச் சொன்னான் இறைவன். எழுந்தால் திருவையாறு. அங்கே அவர் கண்டது என்ன? களிறும் பிடியும் சேர்ந்து வருகின்றன. சேவலும் பெடையும் வருகின்றன. மயில் தன் பேடையோடு வருகிறது. ‘கண்டேன் அவர் திருப்பாதம் கண்டறியாதன கண்டேன்.’ ஆயிரம் சூரியனும் இல்லை, அச்சமூட்டும் கோரைப்பல்லும் இல்லை. யாரும் தினம் பார்க்கிற விலங்கும் பறவையும்தான். அவற்றைச் சத்தியும் சிவமுமாகக் காட்டியது யார்? ஆடி அமாவாசையன்று ஐயாற்றில் இந்தக் கயிலைக் காட்சி இன்றும் நடக்கிறது. கூட்டத்துக்கு நடுவே நின்று அந்தப் பதிகத்தைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மழைக்கால் எழுதியது:

ராமகிருஷ்ண பரமஹம்சரை யாரும் நினைக்கவில்லையே. காட்சி, காட்சிக்கு அப்பால் இரண்டையும் ஒரே உடம்பில் தாங்கியவர் அவர். தட்சிணேசுவரத்தில், தாய் தரிசனம் தராத உயிர் எதற்கு என்று காளியின் சந்நிதியில் இருந்த வாளை எடுக்கப் போனார். ஒளிக்கடல் அலையலையாக வந்து மூழ்கடித்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத் தோதாபுரி என்ற அத்வைதத் துறவி வந்து, நாமரூபம் கடந்த நிலைக்கு மனத்தைச் செலுத்து என்றார். எல்லாம் விலகிற்று, காளியின் உருவம் மட்டும் விலகவில்லை. என்னால் ஆகாது என்றார் ராமகிருஷ்ணர். தோதாபுரி சுற்றுமுற்றும் தேடி, கீழே கிடந்த கண்ணாடித் துண்டை எடுத்து, அதன் முனையைப் புருவங்களுக்கு நடுவே அழுத்தி, இங்கே மனத்தை நிறுத்து என்று அதட்டினார். மறுபடி தாய் தோன்றியபோது ஞானத்தை வாளாக்கி அந்த உருவத்தை இரண்டாக வெட்டினேன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். மூன்று நாள் அசைவில்லாமல் இருந்தார்.

சுவை அதற்குப் பிறகுதான். சமாதியிலிருந்து இறங்கி வந்தவர் காளியை விட்டுவிட்டாரா? கடைசிவரை தாயே தாயே என்றுதான் பேசிக்கொண்டிருந்தார். தோதாபுரிதான், முதலில் சக்தியை ஏற்காமல் வந்து, கிளம்பும்போது தாயை வணங்கிவிட்டுப் போனார்.

பழஞ்சுவடி எழுதியது:

வெட்டியதை மறந்துவிடாதீர்கள், மழைக்கால். காட்சி வழியை மறித்துக்கொண்டு நின்ற ஒரு கட்டம் இருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

செம்பருத்தி எழுதியது:

பெரியவர்கள் பேசும் இடத்தில் வீட்டு விஷயத்தைக் கொண்டுவருகிறேன். என் மாமியாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. சில மாதங்களாக மாலையில் விளக்கு ஏற்றியதும் சுவரோரமாகச் சின்னப் பையன் ஒருவன் நிற்கிறான் என்கிறார். முருகன் என்று அவருக்கு நிச்சயம். பயப்படவில்லை, சந்தோஷமாகத்தான் இருக்கிறார். உறவினர்களில் பாதிப் பேர் வந்து அவர் காலில் விழுகிறார்கள், பாதிப் பேர் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். நான் என்ன செய்ய?

கல்மேல்நடந்தவன் எழுதியது:

அம்மா, முதலில் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பார்வை மிகவும் மங்கிய முதியவர்களுக்கு, அறிவு தெளிவாக இருக்கும்போதே, இல்லாத உருவங்கள் தெரிவது உண்டு. அது பைத்தியம் இல்லை. புதிதாக ஏதேனும் மருந்து தொடங்கினார்களா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

துளசிமாடம் எழுதியது:

அவர் சொன்னபடி செய்யுங்கள், செம்பருத்தி. காலில் விழுகிறவர்களையும் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். அந்த வயதில் நாலு பேர் விழுந்தெழுந்தால் வேறு நோய் வரும்.

ஓடக்கரை எழுதியது:

அனுகீதைக்குப் பக்கத்திலேயே, அதே பர்வத்தில் கிடக்கும் ஒரு கதையைச் சொல்ல மறந்தால் இந்த இழைக்கே பொருளில்லை. உதங்கர்.

துவாரகைக்குப் போகும் வழியில் கண்ணன் உதங்க முனிவரைச் சந்திக்கிறான். போரைத் தடுக்க முடிந்தும் தடுக்கவில்லையே என்று அவர் சபிக்கப் போகிறார். கண்ணன் அவரை அமைதிப்படுத்தி, அர்ஜுனனுக்குக் காட்டிய அதே வடிவைக் காட்டுகிறான். முனிவர் வணங்குகிறார். வரம் கேள் என்றால், இது பாலைநிலம், வேண்டும்போது தண்ணீர் கிடைக்கட்டும் என்கிறார். தாகம் எடுக்கும்போது என்னை நினை என்று சொல்லிவிட்டுக் கண்ணன் போய்விடுகிறான்.

ஒருநாள் தாகம். நினைக்கிறார். நாய்கள் சூழ, உடம்பெல்லாம் புழுதியும் சேறுமாக, ஆடையில்லாமல் ஒரு சண்டாளன் வருகிறான். அவன் சிறுநீர் தாரையாக ஓடுகிறது. குடியுங்கள் என்கிறான். உதங்கர் சீறுகிறார். அவன் திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறான். அவர் மறுத்துக்கொண்டே இருக்க, நாய்களோடு மறைந்துவிடுகிறான். பிறகு கண்ணன் வந்து சொல்கிறான்: உனக்கு அமுதம் கொடுக்கும்படி இந்திரனிடம் கேட்டேன். மனிதனுக்கா என்று அவன் தயங்கினான். சண்டாள வேடத்தில் போய்த் தருகிறேன், வாங்கிக்கொண்டால் சரி என்றான். நீ விரட்டிவிட்டாய்.

எல்லா உயிரையும் ஓருடம்பில் பார்த்தவர். அந்த உடம்புக்குள் இந்த நாய்க்காரனும் இருந்திருப்பான்தானே? அர்ஜுனனை மகன் சாவு தோற்கடித்தது. உதங்கரைச் சாதி தோற்கடித்தது. என் கட்சி இதனால் வலுப்படுகிறது: காட்சி, கண்டவனின் பழக்கத்தில் ஒரு மயிரிழையைக்கூட அசைக்கவில்லை.

வெண்ணெய்நல்லூரான் எழுதியது:

உதங்கருக்கு எதிரே அப்பரை வைத்துப் பார்க்கிறேன். திருப்புகலூரில் கிழவர் உழவாரப் படையோடு கோயில் முற்றத்தில் புல் செதுக்குகிறார். பொன்னும் மணியும் அங்கங்கே கிடக்கும்படி இறைவன் செய்கிறான். அப்பர் அவற்றையும் பருக்கைக் கல்லோடு கல்லாக உழவாரத்தில் வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு அடுத்த புல்லுக்குப் போகிறார். இது சேக்கிழார் தரும் சித்திரம். காட்சி அவரிடம் வேலை செய்திருக்கிறது. எனவே, காட்சி பயனற்றது என்று உதங்கரை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவ மலம் பக்குவப்பட்டிருந்ததா என்பதுதான் கேள்வி. பக்குவம் இல்லாத இடத்தில் அருள் காட்டினாலும் கண் கூசும், அவ்வளவுதான்.

பழஞ்சுவடி எழுதியது:

இந்த இடத்தில் நானும் நீங்களும் மிகவும் நெருங்கிவிட்டோம். உள்ளது நாற்பதில் நான் சொன்ன பாட்டுக்கு அடுத்த பாட்டு, தலைவனைக் காண்பது எப்படி என்று கேட்டுவிட்டு, ‘ஊணாதல் காண்’ என்று முடிகிறது. அவனுக்கு உணவாகிவிடு, அதுதான் காண்பது. அர்ஜுனன் அந்த வாய்க்குள் பீஷ்மரும் துரோணரும் கர்ணனும் போவதைப் பார்த்தான். தான் போவதைப் பார்க்கவில்லை. தனக்கு மட்டும் தேர்த்தட்டில் ஓர் இடம் வைத்துக்கொண்டான்.

வெண்ணெய்நல்லூரான் எழுதியது:

ஊணாதல் என்பதை ஏற்கிறேன். உண்டபின் உயிர் இல்லாமற்போகிறது என்றால் ஏற்கமாட்டேன். ஆணவம் அடங்கும், உயிர் அழியாது. அழிந்துவிட்டால் இன்பத்தை நுகர ஆள் ஏது?

துளசிமாடம் எழுதியது:

உங்கள் இருவர் சண்டைக்கும் நம்மாழ்வார் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். திருக்காட்கரைப் பாசுரம். ‘வாரிக்கொண்டு உன்னை விழுங்குவன் காணில்’ என்று ஆசையோடு இவர் காத்திருக்கிறார். கண்ணில் பட்டால் போதும், விழுங்கிவிடலாம் என்று. ஆனால் அவன் முந்திக்கொண்டான்: ‘என்னில் முன்னம் பாரித்து, தான் என்னை முற்றப் பருகினான்.’ ரமணர் ஊண் என்றதை ஆழ்வார் பருகினான் என்கிறார். காணில் என்று தொடங்கிய ஆசை, காண்பதற்குள் இவரே காலி என்று முடிகிறது.

பழஞ்சுவடி எழுதியது:

முற்றப் பருகினான் என்றால் முற்றத்தான், அம்மா. மிச்சம் இல்லை. இது என் கட்சிக்குத்தான் சாட்சி.

துளசிமாடம் எழுதியது:

மிச்சம் இல்லை என்றால் அவனைக் கடியன் என்று நொந்துகொண்டு அந்தப் பாட்டின் கடைசி அடியை முடித்தது யார்? அதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டு நீங்கள் கட்சி சேருங்கள், ஐயா.